சோற்றைக் குறைத்த அடுப்படி: மாவுச்சத்துக் குறைந்த சமையல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் கணவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்த பிறகு எங்கள் வீட்டில் அரிசியைக் குறைத்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. காவிரிப் பாசனத்தில் நெல் விளைவிக்கும் குடும்பம் சோற்றைக் குறைத்தது என்றால் ஊர் சும்மா இருக்குமா? கல்யாண வீட்டிலும் கோயில் வாசலிலும் என்னை நிறுத்திக் கேட்ட கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே எழுதி, எனக்குத் தெரிந்த விடைகளைக் கீழே தந்திருக்கிறேன். நான் மருத்துவர் அல்லள். சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து உட்கொள்பவர்கள், மாத்திரை பற்றிய கேள்வியை முதலில் படித்துவிட்டுப் பிறகு மற்றவற்றுக்கு வரவும்.

மாவுச்சத்தைக் குறைக்கிறதுன்னா என்ன? சர்க்கரையை நிறுத்தினா போதாதா?

போதாது. அரிசி, கோதுமை, சிறுதானியம், கிழங்கு, வெல்லம், பழம் ஆகியவற்றில் உள்ள மாவுச்சத்தும் இனிப்பும் செரித்தபின் பெரும்பாலும் குளுக்கோஸாகவே இரத்தத்தில் கலக்கின்றன. காப்பியில் போடும் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை ஏறத்தாழ 10 கிராம்தான். மதியம் ஒரு தட்டு நிறையச் சோறு உண்பவருக்கு அந்த ஒரு வேளையிலேயே 100 கிராம் வரை மாவுச்சத்து சேர்ந்துவிடுகிறது. இந்தியர்கள் உண்ணும் மொத்தக் கலோரியில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருவதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இண்டியாப் (INDIAB) என்ற நாடு தழுவிய ஆய்வு காட்டியிருக்கிறது.

பொதுவாக, நாள் ஒன்றுக்கு 130 கிராமுக்குக் கீழே மாவுச்சத்தை வைத்துக்கொள்வதைக் குறைந்த மாவுச்சத்து உணவுமுறை என்பார்கள். 50 கிராமுக்கும் கீழே போனால் அது கீட்டோ. இந்தப் பக்கம் முதல் வகையைப் பற்றியது. கீட்டோவைத் தமிழ் வீட்டுச் சமையலோடு நெடுநாள் கடைப்பிடித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

சோறே சாப்பிடாம எப்படிங்க இருக்கிறது?

சோறே உண்ணக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. முதலில் ஒரு தராசில் நிறுத்துப் பாருங்கள். வெந்த சோறு 100 கிராமில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. என் கணவர் "கொஞ்சமாத்தான் சாப்பிடறேன்" என்று சொல்லிவந்த தட்டை ஒருநாள் நிறுத்தபோது, சோறு மட்டும் 380 கிராம் இருந்தது. இப்போது ஒரு சிறு கிண்ணம், 100 கிராம். கிண்ணத்தை மாற்றாமல் வைத்திருப்பதால் கணக்குப் போடும் வேலை இல்லை.

குறைத்த இடத்தை வெறுமையாக விட்டால் நான்கு மணிக்குள் பசி எடுத்து மிக்சர் டப்பாவைத் திறக்க வேண்டியிருக்கும். பொரியலும் கூட்டும் ஆளுக்கு ஒரு கரண்டி என்றிருந்ததை மூன்று கரண்டியாக்க வேண்டும். மீனோ முட்டையோ பனீரோ கூடவே இருக்க வேண்டும். நம் சாப்பாட்டில் நாக்கு தேடுவது குழம்பையும் ரசத்தையும் வறுவலையும்தான். சோறு அவற்றைச் சுமந்து வரும் வண்டி. வண்டியைச் சிறிதாக்கினாலும் சரக்கு குறைவதில்லை என்பது பத்து நாளில் தெரிந்துவிடும்.

ராத்திரி சோத்துக்குப் பதிலா ரெண்டு சப்பாத்தி சாப்பிடறேன், சரிதானே?

இந்தக் கேள்வியைத்தான் நான் அதிகமாகக் கேட்டிருக்கிறேன். 30 கிராம் மாவில் இட்ட ஒரு சப்பாத்தியில் ஏறத்தாழ 20 கிராம் மாவுச்சத்து உண்டு. இரண்டு சப்பாத்தி 40 கிராம். அது 140 கிராம் சோற்றுக்குச் சமம். சப்பாத்தியால் பலன் கண்டவர்கள், பெரும்பாலும் எண்ணி உண்டதால்தான் பலன் கண்டார்கள். இரண்டு, மூன்று என்று சப்பாத்தியை எண்ணுகிறோம். சோற்றை யாரும் எண்ணுவதில்லை. உருளைக்கிழங்குக் குருமாவைத் தொட்டுக்கொண்டு நான்கு சப்பாத்தி உண்பவருக்கு இந்த மாற்றத்தால் எந்தப் பயனும் இல்லை.

சிறுதானியம்னா எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடலாமாமே?

சாமை, வரகு, தினை, கம்பு, கேழ்வரகு ஆகியவற்றில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 60 முதல் 68 கிராம் வரை மாவுச்சத்து இருக்கிறது. தீட்டிய பச்சரிசியில் 78 கிராம். நார்ச்சத்தும் தாதுச்சத்துகளும் சிறுதானியத்தில் கூடுதல் என்பது உண்மை. ஆனால் அரிசிக்கும் அதற்கும் உள்ள இடைவெளி, அரைக் கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொண்டாலே மறைந்துவிடும் அளவுக்குத்தான் இருக்கிறது. மேலே சொன்ன சிறு கிண்ணத்தில் வரகரிசிச் சோறு வைத்துக்கொள்வது நல்லது. பெரிய தட்டில் வைத்துக்கொள்வது வீண்.

கூழும் கஞ்சியும் தனி. மாவாக அரைத்து, நீர்க்கக் காய்ச்சி, மெல்லாமல் குடிக்கும்போது கேழ்வரகு வெகு வேகமாகச் செரிக்கிறது. சர்க்கரை நோயாளிக்கு உகந்தது என்று நம்பிக் காலையில் பெரிய சொம்பு நிறையக் கேழ்வரகுக் கஞ்சி குடிப்பவர்கள், குடித்து ஒரு மணி நேரம் கழித்து ஒருமுறை சர்க்கரையைச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

காலையில இட்லி, தோசை இல்லாம என்னத்தச் சாப்பிடறது?

நான்கு இட்லியில் 40 கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருக்கிறது. ஆனால் இட்லியை அறவே விட வேண்டியதில்லை: இரண்டு இட்லி, இரண்டு அவித்த முட்டை, கெட்டித் தேங்காய்ச் சட்னி என்று தட்டை மாற்றினால் மாவுச்சத்து பாதியாகும், வயிறும் மதியம் வரை தாங்கும். தோசைக்கல்லை எடுத்தால் முட்டை தோசை ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். மாவை மெல்லியதாக இழுத்து, அதன்மேல் இரண்டு முட்டை, வெங்காயம், மிளகுத்தூள் போட்டால் தோசை என்ற பெயரும் தங்கும்.

எங்கள் வீட்டில் வாரம் இரண்டு நாள் முழுப் பாசிப்பயற்றுத் தோசை. பயற்றை இரவே ஊறவைத்து, இஞ்சி, பச்சை மிளகாய், சீரகத்தோடு அரிசி சேர்க்காமல் அரைத்து உடனே ஊற்றலாம். 50 கிராம் பயற்றில் இரண்டு தோசை வரும். மாவுச்சத்து 25 கிராமுக்குள் இருக்கும், புரதம் 12 கிராம் கிடைக்கும். அடைக்கும் இதே வழிதான்: அரிசியைக் கால் பங்காகக் குறைத்து, பருப்பையும் முருங்கைக்கீரையையும் கூட்டினால் அடை இன்னும் நன்றாகவே இருக்கிறது.

தமிழில் பேலியோ என்ற பெயரில் பரவிய முறையில் காலைக்கு நூறு பாதாம் சொல்வார்கள். எண்ணிப் பார்த்தால் அது ஏறத்தாழ 120 கிராம், 700 கலோரி. மாவுச்சத்து குறைவுதான், மதியம் வரை பசிக்காது என்பதும் உண்மை. மாத மளிகைக் கணக்கைப் பார்த்த பிறகு நாங்கள் இருபது பாதாமும் ஒரு பிடி வறுத்த வேர்க்கடலையும் என்று மாற்றிக்கொண்டோம்.

பாதாம் மாவு இட்லி, தேங்காய் மாவு இடியாப்பம்னு யூடியூப்ல காட்டறாங்களே, நல்லா வருமா?

வராது. உளுந்தின் கொழகொழப்பும் அரிசியின் மாவுச்சத்தும் சேர்ந்துதான் புளிக்கும்போது எழும் காற்றைப் பிடித்துவைத்து இட்லியைப் பூவாக்குகின்றன. பாதாம் மாவில் அந்தப் பிடிப்பு இல்லாததால், சோடா உப்பால் கொஞ்சம் எழும்பி, ஆறியதும் அமுங்கிவிடுகிறது. இட்லி என்று நினைத்து வாயில் வைப்பவருக்கு ஏமாற்றம். ஒரு வாரத்தில் உணவுமுறையே கசந்துவிடும்.

போலிகளைத் தேடுவதைவிட, நம் சமையலிலேயே மாவுச்சத்துக் குறைந்த பண்டங்கள் எவை என்று தேடுவதே மேல். அவியலில் கிழங்கையும் வாழைக்காயையும் விட்டுவிட்டால் அது முழுச் சாப்பாடு. முட்டைக்கோஸ் பொரியலில் முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறலாம். வாழைப்பூ உசிலி, சுறாப்புட்டு, நாட்டுக்கோழி மிளகு வறுவல், கத்தரிக்காய்க் கொத்சு, தேங்காய் அரைத்த கீரைக் கூட்டு என்று பட்டியல் நீளும். இவை எதற்கும் பதிலாக வந்தவை அல்ல என்பதால் நாக்கு ஒப்பிட்டுப் பார்த்து முகம் சுளிப்பதில்லை.

காலிஃபிளவர் சாதம் செஞ்சேன், குழகுழன்னு போச்சு, வீடெல்லாம் ஒரே வாடை. என்ன தப்பு?

மூடி போட்டு வேகவைத்திருப்பீர்கள். பூவைக் கொதிக்கும் மஞ்சள் நீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்து, துணியில் ஈரம் போகத் துடைத்து, துருவியில் பெரிய கண்ணில் துருவ வேண்டும். மிக்சியில் போட்டால் இரண்டே சுற்று, மூன்றாவது சுற்றில் கூழாகிவிடும். அகலமான வாணலியை நன்றாகக் காயவைத்து, ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயில் துருவலைப் பரப்பி, மூடாமல், உப்புப் போடாமல் நான்கைந்து நிமிடம் கிளறவும். உப்பு முன்னதாக விழுந்தால் நீர் விட்டுவிடும். ஓரம் இலேசாகச் சிவக்கும்போது இறக்கி, அதன் பிறகே உப்பு.

எல்லாவற்றுக்கும் இது ஒத்துவராது. சாம்பாரும் புளிக்குழம்பும் ஊற்றினால் பூவும் குழம்பும் ஒட்டாமல் தனித்தனியே நிற்கும். தயிர்ச் சாதத்துக்கு மிக நன்றாகப் பொருந்துகிறது: ஆறிய துருவலில் கெட்டித் தயிரும் ஒரு கரண்டி பாலாடையும் விட்டுப் பிசைந்து, கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய், பெருங்காயம் தாளித்துக் கொட்டி, மாவடு வைத்துக் கொடுத்தபோது என் மாமியார் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், மிளகு சீரகம் தாளித்த வெண்பொங்கல் ஆகியவையும் தேறும். பொங்கலுக்கு மட்டும் ஒரு பிடி பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்துச் சேர்க்க வேண்டும். 200 கிராம் பூவில் மாவுச்சத்து 6 கிராம் அளவில்தான் இருக்கும்.

குழம்புல என்ன மாவு இருக்கப்போகுது?

வீட்டுக் குழம்பில் குறைவு. பருப்பு போட்ட சாம்பார் ஒரு கரண்டிக்கு 10 கிராம் அளவில் வரும். ரசத்தில் அதைவிடக் குறைவு. தேங்காய் அரைத்த மீன் குழம்பில் புளியிலிருந்து வருவதுதான். கவனிக்க வேண்டியவை கெட்டிப்படச் சேர்ப்பவை: வத்தக்குழம்பில் கரைத்துவிடும் அரிசி மாவு, மோர்க்குழம்பில் ஊறவைத்து அரைக்கும் பச்சரிசி, குருமாவிலும் சட்னியிலும் பொட்டுக்கடலை. பொட்டுக்கடலையில் பாதிக்கு மேல் மாவுச்சத்து. உணவகத் தேங்காய்ச் சட்னி பல இடங்களில் தேங்காய் வாசம் காட்டும் பொட்டுக்கடலைச் சட்னியாகவே இருக்கிறது. சிக்கன் 65, கோபி 65 ஆகியவற்றின் மேலே இருக்கும் மொறுமொறுப்பு சோள மாவும் மைதாவும். தூள் பெருங்காயத்தில்கூட மாவு கலந்திருக்கும். சிட்டிகை அளவுக்கு அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

காப்பியை மட்டும் விட முடியாதுங்க.

விட வேண்டாம். 100 மி.லி. பாலில் 5 கிராம், இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரையில் 10 கிராம். ஒரு நாளைக்கு மூன்று முறை குடித்தால் 45 கிராம். சர்க்கரையை மட்டும் எடுத்துவிட்டால் அது 15 கிராமாகிறது. வாரத்துக்கு அரைத் தேக்கரண்டி என்று குறைத்து, அதே நேரத்தில் டிகாக்‌ஷனைக் கெட்டியாக்கிக்கொண்டு வந்தால் ஒரு மாதத்தில் சர்க்கரையில்லாத காப்பி பழகிவிடும். சிக்கரி அதிகம் கலந்த தூளின் கசப்புக்குத்தான் சர்க்கரை அதிகம் தேவைப்படுகிறது. கலப்பில்லாத தூளுக்கு மாறிய பிறகு எனக்கு எளிதாக இருந்தது. கூடவே வரும் இரண்டு பிஸ்கட்டை மறந்துவிட வேண்டாம், அதுவும் கணக்குதான்.

நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன்லாம் சேர்த்துக்கலாம்தானே? இயற்கையானதுதானே?

இயற்கையானவைதான், மாவுச்சத்துக் கணக்கில் சர்க்கரையின் சொந்தச் சகோதரர்கள். கருப்பட்டியில் கொஞ்சம் தாதுச்சத்து உண்டு என்றாலும், ஒரு தேக்கரண்டியில் கிடைப்பது மிகச் சொற்பம். இனிப்பு தேவையென்றால் சீனித்துளசியில் (ஸ்டீவியா) எடுத்த இனிப்பூட்டியைச் சிறிதளவு பயன்படுத்தலாம்.

நாங்க சைவம். முட்டைகூடக் கிடையாது. எங்களுக்கு ஒத்துவருமா?

வரும், ஆனால் இலக்கைத் தளர்த்திக்கொள்ள வேண்டும். சைவத்தில் புரதம் பெரும்பாலும் பருப்பிலிருந்து வருகிறது. துவரம்பருப்பிலும் உளுந்திலும் 100 கிராமுக்கு 50 கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருக்கிறது. ஆகவே 100 முதல் 130 கிராம் என்று வைத்துக்கொண்டு, பருப்புக்கு இடம் விட்டு, தானியத்தைக் குறைப்பது முறையானது. பனீர், கெட்டித் தயிர், காளான், வேர்க்கடலை, தேங்காய், மீல்மேக்கர் ஆகியவை கைகொடுக்கும். பருப்பும் சோறும் இரண்டும் பழைய அளவிலேயே இருக்க, பனீரை மட்டும் கூடுதலாகச் சேர்த்தால் எடைதான் ஏறும்.

பழைய சோத்துல மாவுச்சத்து போயிடும்னு சொல்றாங்களே? கஞ்சி வடிச்சா சர்க்கரை ஏறாதாமே?

சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு சிறு பகுதி, எளிதில் செரிக்காத வகையாக இறுகுகிறது. ஆகவே பழைய சோறு சுடுசோற்றைவிடச் சற்று மெதுவாகச் சர்க்கரையை ஏற்றலாம்; புளிப்பதால் குடலுக்கும் நல்லது. ஆனால் பெரும்பகுதி மாவுச்சத்து அப்படியே இருக்கிறது. கஞ்சியை வடிப்பதிலும் கொஞ்சம்தான் வெளியேறுகிறது. இரண்டும் நல்ல பழக்கங்கள்; அளவுக் கிண்ணத்துக்கு மாற்றாகா.

கல்யாண வீட்டுப் பந்தியில என்ன பண்றது? இலையில சோறு வைக்காதேன்னு சொன்னா கோவிச்சுக்கறாங்க.

சொல்லாதீர்கள். சோற்று வாளி வரும்போது இலையில் ஒரு கை அளவு விழுந்ததும் உள்ளங்கையைக் குறுக்கே நீட்டினால் பரிமாறுபவர் நகர்ந்துவிடுவார். "சோறு வேண்டாம்" என்று வாயைத் திறந்தால்தான் பெண் வீட்டுப் பெரியப்பா வந்து நிற்பார், உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார், பந்தி முழுவதும் திரும்பிப் பார்க்கும். அந்த ஒரு கைச் சோற்றைச் சாம்பாருக்குப் பாதி, ரசத்துக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டு, அவியல், கூட்டு, பொரியல் ஆகியவற்றை மறுமுறை கேட்டு வாங்குங்கள்; கேட்டு வாங்குகிறவரை எந்தப் பந்தியிலும் குறை சொல்வதில்லை.

இன்னொன்று: காயையும் கூட்டையும் முதலில் உண்டு சோற்றைக் கடைசியில் உண்டால், உணவுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. முதலில் சோற்றைப் பிசையும் நம் வழக்கத்துக்கு இது நேர்மாறு, வீட்டிலும் பழகிக்கொள்ளலாம்.

அமாவாசை, ஏகாதசி, தீபாவளி வந்தா?

ஏகாதசியில் அரிசியை விலக்கும் வழக்கம் நமக்கு வசதிதான், ஆனால் அதற்குப் பதிலாக வரும் ஜவ்வரிசியும் கோதுமை ரவை உப்புமாவும் அந்த வசதியைக் கெடுத்துவிடுகின்றன. ஜவ்வரிசி கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து. மோர், தேங்காய், வேர்க்கடலை, ஒரு கொய்யா என்று விரதம் இருக்கலாம். தீபாவளிக்கு அதிரசம் ஒன்று உண்பதால் குடி முழுகிவிடாது. பலகாரத் தூக்கு ஒரு வாரத்துக்குக் கூடத்து மேசையிலேயே இருப்பதுதான் சிக்கல். நாங்கள் இரண்டாம் நாளே பங்கிட்டுக் கொடுத்துவிடுகிறோம்.

ஆரம்பிச்சு நாலு நாள் ஆச்சு, தலைவலி, அசதி. ஆனா ரெண்டு கிலோ குறைஞ்சிருக்கு!

அந்த இரண்டு கிலோவில் பெரும்பகுதி நீர். உடல் சேமித்துவைத்துள்ள கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து கரையும்போது அதோடு பிடிபட்டிருந்த நீரும் உப்பும் வெளியேறுகின்றன. தலைவலிக்கும் அசதிக்கும் அதுவே காரணம். உப்புப் போட்ட மோரும் எலும்புச் சாறும் குடித்தால் பொதுவாகச் சில நாள்களில் சரியாகும். இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் உப்பைக் கூட்டுவதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். மலச்சிக்கலுக்கு வாழைத்தண்டு, அவரைக்காய், கீரை.

மாத்திரை போட்டுட்டிருக்கேன். அப்படியே தொடங்கலாமா?

கூடாது. இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொள்பவர் மருந்தின் அளவை மாற்றாமல் சோற்றை மட்டும் சட்டென்று குறைத்தால், சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு ஆகியவை அதன் அறிகுறிகள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை நோய் மாத்திரை எடுப்பவர்கள் மாவுச்சத்தை மிகவும் குறைத்தால், சோதனையில் சர்க்கரை அதிகம் காட்டாதபோதே இரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து உண்டு. அதை உடனே கண்டறிவது கடினம். இரத்த அழுத்த மாத்திரையின் அளவையும் குறைக்க வேண்டிவரலாம். மருத்துவரிடம் "சோற்றைப் பாதியாகக் குறைக்கப்போகிறேன், மருந்தை எப்படி மாற்றலாம்?" என்று தேதியோடு சொல்லிக் கேளுங்கள். கர்ப்பிணிகளும், முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்களும் தாமாக எதையும் தொடங்க வேண்டாம்.

அப்போ நெய், எண்ணெய் எவ்வளவு வேணும்னாலும் ஊத்திக்கலாமா?

அப்படிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், நான் சொல்ல மாட்டேன். சிலருக்கு இந்த உணவுமுறையில் டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு குறையும், ஆனால் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் ஏறும். மூன்று மாதம் கழித்து இரத்தப் பரிசோதனை செய்து, ஏறியிருந்தால் நெய்யையும் தேங்காயையும் குறைத்து, கடலை, மீன், நல்லெண்ணெய்ப் பக்கம் திரும்ப வேண்டும்.

சர்க்கரை நார்மலுக்கு வந்துடுச்சு. இனி பழையபடி சாப்பிடலாமா?

பழைய தட்டுக்குத் திரும்பினால் பழைய எண்ணும் திரும்பும். எங்கள் வீட்டில் ஒரு கோடை முழுவதும் மாம்பழமும் விருந்துமாகப் போனதில் அதைப் பார்த்தோம். ஆனால் ஒருவருக்கு எவ்வளவு சோறு தாங்கும் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும், அதைக் கண்டறிய வழியும் உண்டு. வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால், உண்பதற்கு முன்னும், முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்தும் சோதித்து, சோற்றின் எடையோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். 100 கிராமில் ஒரு வாரம் நிலையாக இருந்தால் 130 கிராமுக்குப் போய்ப் பார்க்கலாம். உண்டபின் பதினைந்து நிமிடம் நடந்த நாளையும் நடக்காத நாளையும் தனியே குறியுங்கள். என் கணவருக்கு 150 கிராமில் எண் துள்ளிக் குதித்தது; நடந்தால் மட்டும் தாங்கியது. அதனால் ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்புக்கு 150 கிராம், மற்ற நாள்களில் பழைய சிறு கிண்ணம்.